எங்கள் திருகோணமலையில் நிலக்கரிச் சுரங்கமே இல்லை. தமிழ்நாட்டின் நெய்வேலி போன்ற நிலக்கரி நகரம் எப்படித்தான் உருவாகிறது?

இந்த மாவட்டத்துச் சம்பூரில் வரவிருந்த அனல்மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்ட கதை எங்களுக்குத் தெரியும். அது வந்திருந்தாலும் நிலக்கரி கப்பலில்தான் வந்திருக்கும். புத்தளம் பக்கத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு இன்றும் அப்படித்தான் வருகிறது. ஆகவே சம்பூர் ஒரு நெய்வேலியாகி இருக்காது. நிலக்கரி நகரம் மண்ணுக்கடியில் இருப்பதை நம்பி எழுவது.

நெய்வேலியின் தொடக்கம் ஒரு கிணறு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரும்பழுப்புப் பொருளும் வெளிவந்தது. அது லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரி. ஈரம் அதிகம், எரிசக்தி குறைவு. தொலைதூரம் ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. அதனால் சுரங்க வாசலிலேயே மின்நிலையத்தையும் கட்ட வேண்டியதாயிற்று. நகரம் பெருத்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன்.

1956இல் நெய்வேலி லிக்னைட் நிறுவனம் பதிவானது. 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடக்கி வைத்தார். ஆனால் லிக்னைட்டைத் தொட 1961 ஆகிவிட்டது. படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருந்தது. அதை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத் தளம் பொங்கி உடையாமல் இருக்கும். மின்நிலையத்துக்கு சோவியத் உதவி கிடைத்தது.

அப்புறம் ‘வட்டம்’ என்ற பெயரில் எண்ணிட்ட குடியிருப்புப் பகுதிகள், பள்ளிகள், மருத்துவமனை எல்லாம் வந்தன. நிலம் கொடுத்த கிராமத்தவர்களோ வெளியேற வேண்டியிருந்தது. இழப்பீடு, வேலை பற்றிய சச்சரவு இன்னும் ஓயவில்லை.