சிலுவை நாளின் இருள் சூரிய கிரகணமா? பங்குனிப் பௌர்ணமியிடம் கேளுங்கள்

கேள்வி: "கல்லூரியில் இயற்பியல் படிக்கும் என் தம்பி, இயேசு சிலுவையில் தொங்கியபோது வந்த இருள் வெறும் சூரிய கிரகணம்தான் என்கிறான். அம்மா அழுகிறார். அறிவியல் படித்தால் விசுவாசம் போய்விடுமா? ஊர் நாகர்கோவில் பக்கம்."

அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். தம்பியை இயற்பியலை இன்னும் கொஞ்சம் ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வது வேதத்துக்கு ஒத்து வருகிறதா என்பது இருக்கட்டும், முதலில் வானியலுக்கே ஒத்து வராது.

சிலுவைப்பாடு நடந்தது பாஸ்கா பண்டிகை சமயத்தில். யூதர்களின் மாதம் பிறை கண்டு பிறக்கும். பாஸ்கா ஆடு அடிப்பது நிசான் 14ஆம் நாள், அதாவது பௌர்ணமியை ஒட்டி. சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டும்தான் வரும். பௌர்ணமி நண்பகலில் நிலா பூமிக்கு மறுபக்கம், நம் காலுக்குக் கீழே கிடக்கும். கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமிக்குக் கூடும் கூட்டம் பார்ப்பதும் இதைத்தான்: மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறுகிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டில் ஒன்று மற்றதை எப்படி மறைக்கும்?

நேரமும் இடிக்கும். சுவிசேஷங்கள் சொல்வது ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை, நம் கணக்கில் நண்பகல் 12 முதல் 3 வரை. முழுச் சூரிய கிரகணத்தின் முழு இருட்டு ஓரிடத்தில் மிஞ்சிப்போனால் ஏழரை நிமிடம். 2010 ஜனவரி 15இல் நம் மாவட்டத்திலேயே கங்கண கிரகணம் தெரிந்தது. சூரியனில் பெரும்பகுதி மறைந்தும் வெயில் மங்கியதே தவிர இரவாகவில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. அந்த இருளைத் தல்லுஸ் என்பவர் கிரகணம் என்று எழுதியதை, மூன்றாம் நூற்றாண்டிலேயே ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் பாஸ்கா பௌர்ணமியைக் காட்டி மறுத்துவிட்டார். குழப்பத்துக்கு வேர் லூக்கா 23:45. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 'இருளடைந்தது' என்றிருக்கிறது; வேறு சிலவற்றில் 'ஒளி அற்றுப்போனது' என்ற பொருளில், கிரகணத்துக்கும் வழங்கும் ஒரு கிரேக்க வினை இருக்கிறது.

அப்படியானால் அது என்ன? அற்புதம் என்பவர்கள் உண்டு, புழுதிக்காற்று என்பவர்கள் உண்டு. என் பார்வையில் வாசகர் போக வேண்டிய இடம் ஆமோஸ் 8:9. நடுப்பகலில் சூரியனை மறையச் செய்வேன் என்று நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிச் சொல்கிறது அது; அடுத்த வசனமே ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தைப் பேசுகிறது. கிரகணம் என்று முடித்துவிட்டால் இந்த இடத்துக்கு வரவே மாட்டோம். எளிய வழியை வானியல் அடைத்ததால்தான் சிலுவையடியில் துக்கப்படும் தகப்பன் யார் என்ற கேள்வி வருகிறது. (உடனே 'அற்புதத்தை நம்பாதவன்' என்று என்னைத் திட்ட வருகிறவர்கள், மேலே நான் எதையும் மறுக்கவில்லை என்பதை மறுபடி படிக்கவும். 'கலிலியோவை மறந்தாயா' என்று வருகிறவர்களுக்கு: மறக்கவில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633இல் திருச்சபை அவரைத் தண்டித்தது தவறு. 1992இல் போப் இரண்டாம் ஜான் பால் அந்தத் தவறை ஒப்புக்கொண்டார்.)

இனி தம்பிக்குப் பிடிக்கிற பகுதி. ஈஸ்டர் தேதி என்பதே ஒரு வானியல் கணக்கு: மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பெரும்பாலான வருடங்களில் அது பங்குனி உத்திரத்தின் அதே நிலாதான். ஆண்டை 19ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அதை 11ஆல் பெருக்கி 225இலிருந்து கழியுங்கள். விடை 50ஐத் தாண்டினால், 50க்குள் வரும் வரை 30 30ஆகக் கழியுங்கள். அதன்பின் 48ஐவிடப் பெரிதாக இருந்தால் ஒன்று குறையுங்கள். கிடைப்பது மார்ச் தேதி. 31ஐத் தாண்டினால் மிச்சம் ஏப்ரல். 2026க்கு மீதி 12; 225 − 132 = 93; இரண்டு முறை 30 போனால் 33, அதாவது ஏப்ரல் 2, வியாழன். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 5. 1900 முதல் 2099 வரை இது பொய்க்காது. இந்தக் கணக்குப்படி பெரிய வெள்ளி பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்பிருந்து ஐந்து நாள் பின்புவரைக்குள்தான் விழும். அமாவாசையில் வரவே வராது.

ஆனால் இது சபைக் கணக்கின் அட்டவணை நிலா, வானத்து நிலா அல்ல. மார்ச் 21 என்ற எல்லையும் சம இரவு நாளுக்காக (பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாள்) வைத்ததுதான். 2019இல் நம் நேரப்படி மார்ச் 21 அதிகாலை சம இரவு நாள் கணம், அன்று காலையே பௌர்ணமி. வானத்தைப் பார்த்தால் ஈஸ்டர் மார்ச் 24. அட்டவணையில் பௌர்ணமி ஒரு நாள் முந்தி மார்ச் 20இல் விழுந்ததால் அது தள்ளுபடியாகி, ஏப்ரல் 21க்குப் போனது.

பழைய ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் நீளம். நிசேயா சங்கம் (திருச்சபை ஆயர்களின் பொதுக்கூட்டம்) கூடிய 325இல் மார்ச் 21ஐ ஒட்டியிருந்த சம இரவு நாள், 1582இல் மார்ச் 11க்கு வந்துவிட்டது. அதனால்தான் அந்த வருடம் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆக்கினார்கள். திருத்தம் சரிதானா என்று பார்க்கத் தேவாலயங்களையே கருவியாக்கினார்கள். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் சான் பெட்ரோனியோ ஆலயக் கூரையில் சுமார் 27 மீட்டர் உயரத்தில் துளை, தரையில் 67 மீட்டர் நீளக் கோடு; 1655இல் வானியலாளர் காஸினி அமைத்தது. நண்பகலில் அதில் விழும் சூரியப் படம் 25 சென்டிமீட்டருக்கு மேல். ஜனவரிக்கும் ஜூலைக்கும் சூரியன் தெரியும் அளவில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். அவ்வளவு பெரிய படத்தில்தான் அது அளவுக்கு அகப்படும். அளந்தது, பாதை வட்டமல்ல நீள்வட்டம் என்ற வானியலாளர் கெப்ளருக்குச் சாதகமாக வந்தது. கலிலியோவைத் தண்டித்து 22 வருடம் கழித்து, போப் ஆட்சிக்குட்பட்ட ஊரில்! ஆதியாகமம் 1:14 சுடர்களைக் காலங்களுக்கு அடையாளம் என்கிறது. அவர்கள் அதைப் பாடியதோடு நிற்கவில்லை, அளந்தும் பார்த்தார்கள்.

நம் ஊரிலோ, 'யோசுவாவின் தொலைந்த நாளை (சூரியன் நின்றதாக வேதம் சொல்லும் நாள்) நாசா கண்டுபிடித்தது' என்ற பொய்யை வாட்ஸ்அப்பில் சபைக் குழு முழுக்க அனுப்புகிறோம்.

தம்பிக்கு வேலை இதுதான். தகரக் கூரையில் 3 மீட்டர் உயரத்தில் 3 மில்லிமீட்டர் துளை. தூக்குக்குண்டு விட்டு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி. மார்ச் 19 முதல் 23 வரை மதியம் 12:27 வாக்கில் வெளிச்ச வட்டத்தின் நடுவைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். கடிகாரத்தில் 12 என்றதும் குறித்தால் வட்டம் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் மேற்கே கிடக்கும், முக்கியக் காரணம், நம் ஊர் இந்திய நேரக் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. சம இரவு நாளில் வட்டம் புள்ளியிலிருந்து 43 சென்டிமீட்டர் வடக்கே. நாளுக்கு 2 சென்டிமீட்டர் தெற்கே நகரும். ஏப்ரல் 10, 11 வாக்கில் புள்ளியிலேயே வந்து உட்காரும். தரை மட்டமில்லாவிட்டால், காற்றில் குண்டு ஆடினால், துளை பெரிதானால் கணக்கு கெடும். துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, தரையை மட்டும் பார்த்தால் போதும். கோடைமழை வருவதற்குள் எம்சீல் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அம்மா வேறு காரணத்துக்கு அழுவார்.