தொடை வழியாக வால்வு மாற்றும்போது சிக்கல் வந்தால் உடனே நெஞ்சைத் திறந்துவிடுவார்களா?

அப்பாவுக்கு டாவி (TAVI) முறையில், அதாவது தொடைத் தமனி வழியாகக் குழாய் செலுத்தி, இதயத்தின் மகாதமனி வால்வை மாற்றப் போகிறார்கள், நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் செவிலியராக இருக்கிறேன். நெஞ்சைத் திறக்கும் நிலை மிக அரிது. வருகிற சிக்கல்களில் பெரும்பாலானவற்றைக் குழாய், பலூன், ஸ்டென்ட் வைத்தே சமாளித்துவிடுவார்கள்.

எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது ஒன்றுதான்: வால்வு விரிந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் ரத்த அழுத்தம் 60ஐத் தாண்டி ஏறவில்லை. உடனே ஒருவர் எக்கோ கருவியை நெஞ்சில் வைப்பார். இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் குழாய்க்கு வழிகாட்டும் வயரின் முனை எங்கோ துளைத்திருக்கிறது என்று அர்த்தம். நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி போட்டு, சிறு குழாய் வைத்து ரத்தத்தை உறிஞ்சுவோம். சில நேரம் சிரிஞ்சு நிரம்ப நிரம்பவே திரையில் அழுத்தம் ஏறுவது தெரியும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் என்ற மருந்து கொடுப்பதும் உண்டு. ரத்தம் நிற்கவே இல்லையென்றால்தான் அறுவை சிகிச்சைக் குழு. மகாதமனி வாயே கிழிந்தாலும் அவர்கள்தான்.

எக்கோவில் ஒன்றும் இல்லையா? அடுத்து காலைப் பார்ப்பார்கள். தொடைத் தமனி கிழிந்திருந்தால் மறு காலிலிருந்து பலூனைக் கொண்டுபோய் உள்ளே அடைத்து, உறை போட்ட ஸ்டென்ட் வைப்பார்கள். இதயத் தமனியின் வாய் அடைபடுமா என்பது சிடி ஸ்கேனிலேயே ஓரளவு தெரிந்துவிடும். வால்வு வளையத்திலிருந்து அந்த வாய் 10 மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருந்தால், அடைபட்டால் உடனே ஸ்டென்ட் வைக்க வசதியாக, முன்கூட்டியே அதற்குள் ஒரு வயர் போட்டு வைப்பதுண்டு. வால்வின் ஓரத்தில் கசிந்தால் பலூனால் இன்னொரு முறை விரிப்பார்கள்.

நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது பேஸ்மேக்கர் பற்றி. இதயத்தின் மின்பாதை வால்வுக்கு ஒட்டினாற்போல் ஓடுகிறது, புது வால்வு அதை அழுத்தலாம். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. வால்வு வகையைப் பொறுத்து இது மாறும். பழைய இசிஜியில் மின்பாதையின் வலது கிளையில் அடைப்பு (RBBB) இருந்தால் வாய்ப்பு அதிகம். அந்த இசிஜியை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று. புது வால்வு அழுத்துவதால் மின்பாதையில் வரும் அடைப்பு ஓரிரு நாள் கழித்தும் வரலாம், அதைக் காட்டுவது மானிட்டர்தான். கழிப்பறைக்குப் போக அப்பா மானிட்டர் ஒயரைக் கழற்றப் பார்ப்பார், எல்லா அப்பாக்களும் செய்வதுதான். விடாதீர்கள், செவிலியரைக் கூப்பிடுங்கள்.