பெரிய விருது இல்லாத கலைஞர் 'அசாதாரணத் திறமை'யை எப்படி நிரூபிப்பது?

வயலின் பக்கவாத்தியம், பதினைந்து வருஷக் கச்சேரி அனுபவம், பத்ம விருது மாதிரி எதுவும் கிடையாது, அமெரிக்காவில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான ஈபி-1ஏ கிரீன் கார்டுக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். நான் மிருதங்கக்காரன். போட்டேன், கிடைத்தது. வக்கீல் இல்லை, எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உலகறிந்த விருது கையில் இல்லையென்றால் அமெரிக்கக் குடிவரவுத் துறையின் பத்து அளவுகோல்களில் மூன்றையாவது காட்ட வேண்டும். அதோடு முடியாது. துறையின் உச்சியில் இருக்கும் வெகு சிலரில் இவரும் ஒருவரா என்று, எல்லாவற்றையும் சேர்த்துவைத்து அதிகாரி இன்னொரு முறை எடைபோடுவார். 2010இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கசாரியன் வழக்கில் தீர்ப்பு வந்ததிலிருந்து இப்படித்தான்.

நான் முதலில் நம்பியது பத்திரிகை விமர்சனங்களை. நாற்பதுக்கு மேல் அனுப்பினேன். மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது: இவை மனுதாரரைப் பற்றியவை அல்ல. அன்று ராத்திரி அந்தத் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். பாடகரின் தோடி ராகத்துக்கு மூன்று பத்தி. கடைசி வரியில் நான்: 'மிருதங்கம் கச்சேரிக்குப் பக்கபலம்.' ஒன்றில் இனிஷியலே தப்பு. அதிகாரியைக் குறை சொல்ல வழியில்லை. இருபது வருஷத்தில் என் வாசிப்பைப் பற்றி ஒரு பத்திகூட யாரும் எழுதியிருக்கவில்லை.

பதில் அனுப்ப 84 நாள் இருந்தது. ஒரு மூத்த பாடகர் கொடுத்திருந்த கடிதத்தில் 'குருபக்தி மிக்கவர், பண்பாளர்' என்று இருந்தது. மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணா, நான் நல்லவன்னு வேண்டாம். என்ன வாசிச்சேன்னு எழுதிக் கொடுங்க" என்றேன். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினார். மிஸ்ர சாபு தாளத்தில் நான் கட்டிய ஒரு கோர்வையை, அதாவது முடிப்பாக வாசிக்கும் தாளக் கோப்பை, வேறு மூன்று வித்வான்கள் தங்கள் தனி ஆவர்த்தனத்தில் வாசிக்கிறார்கள் என்று அதில் இருந்தது. அந்த மூவரும் தனித்தனியாக எழுதித் தந்தார்கள், ஒலிப்பதிவுகளோடு. அதுதான் 'சொந்தப் பங்களிப்பு' என்ற அளவுகோலுக்கு நின்றது. போட்டிகளில் நடுவராக இருந்ததும், ஒரு நாட்டியக் குழுவுக்குத் தாள அமைப்பு முழுவதையும் செய்ததும் மற்ற இரண்டு அளவுகோல்களுக்கு. அகில இந்திய வானொலியில் 'ஏ' கிரேடு என்று மட்டும் எழுதினால் அங்கே புரியாது. பி, பி-ஹை, ஏ, டாப் என்று கலைஞர்களைத் தரம் பிரிக்கும் அந்தப் படிகளை விளக்கிக் கடிதம் வைத்தேன்.

காசுக்கு விருதும் பேட்டியும் வாங்கித் தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். கிட்டே சேர்க்காதீர்கள்.

இவ்வளவு திறமை இருந்தால் ஊரிலேயே இருக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதிக ஊதியம் என்றும் ஓர் அளவுகோல் உண்டு. அதை என்னால் தொடவே முடியவில்லை. சபாவில் வெற்றிலை பாக்கோடு ஒரு கவர் தருவார்கள், ரசீது கிடையாது. கவருக்குள் இருப்பது வாடகைக் காருக்கும் மிருதங்கத்துக்கு வார் பிடிக்கவும் சரியாக இருக்கும். நோட்டீஸில் பாடகர் பெயர் பெரிதாக, எங்கள் பெயர் அடியில் பொடி எழுத்தில். மேடையில் இரண்டரை மணி நேரமும் அவரோடுதானே உட்கார்ந்திருந்தோம்? இதைச் சொன்னால் பொறாமை என்கிறார்கள். இல்லை, வலி.

இந்த மார்கழியில் உங்களுக்குக் கச்சேரி இருந்தால், ஒவ்வொரு சபாவிடமும் உங்கள் பெயர், தேதி, தொகை போட்டு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.