பனிப்பொழிவில் விமானம் தரையிறங்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: வெளியே வெண்மையைத் தவிர ஒன்றும் தெரியாதபோது விமானி ஓடுபாதையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

பதில்: ஓடுபாதை அருகே நிறுவப்பட்டுள்ள ஐ.எல்.எஸ். எனப்படும், தரையிறங்க வழிகாட்டும் கருவிகள் இரண்டு வானொலிக் கற்றைகளை அனுப்புகின்றன. ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும். மற்றொன்று வழக்கமாக 3 பாகை அளவிலான இறங்குசரிவைக் காட்டும். முதல் வகை அணுகுமுறையில் தரைக்கு மேல் 200 அடி வரையிலும், இரண்டாம் வகையில் 100 அடி வரையிலும் கருவிகளை நம்பி இறங்கலாம். அந்த உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படவில்லையென்றால், யோசித்துக்கொண்டிருக்க இடமில்லை. உடனே மேலேறிவிட வேண்டும்.

கேள்வி: தானாகவே தரையிறங்கும் வசதி இருக்கும்போது ஏன் அதனிடமே விட்டுவிடக்கூடாது?

பதில்: அந்த வசதி புதியதன்று. பயணிகளுடன் சென்ற டிரைடன்ட் விமானம் ஒன்று 1965 ஜூன் 10 அன்று லண்டன் ஹீத்ரோவில் தானியங்கியின் துணையுடன் தரை தொட்டது. ஆனால் அது பெரிதும் மூடுபனியை மனத்தில் வைத்து வளர்ந்த நுட்பம். மூடுபனி நாளில் காற்று பெரும்பாலும் அசையாது. பனிப்புயலோ காற்றோடுதான் வரும். தானியங்கித் தரையிறக்கத்துக்குப் பக்கக்காற்று வரம்பு உண்டு. விமான நிலையக் கருவிகளும் அதற்குரிய தரத்தில் இருக்க வேண்டும். இவையெல்லாம் பொருந்தினாலும், சக்கரம் தரையைத் தொட்ட பிறகு விமானத்தை நிறுத்தும் வேலை மிச்சமிருக்கிறது. பார்வைக்குறைவைவிட வழுக்கலே எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: வழுக்கலால் பெரிய விபத்து நேர்ந்திருக்கிறதா?

பதில்: 2005 டிசம்பர் 8 அன்று மாலை, பால்டிமோரிலிருந்து வந்த சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 1248ஆம் எண் விமானம், ஒரு போயிங் 737, பனிப்பொழிவுக்கிடையே சிகாகோ மிட்வே நிலையத்தில் இறங்கியது. நகரத் தெருக்கள் சூழ்ந்த அந்த நிலையத்தின் ஓடுபாதைகள் குட்டையானவை. அன்றைய பார்வைத்தூரத்துக்கு விதிப்படி இறங்கக்கூடியதாக இருந்த ஓடுபாதையில் சுமார் 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) பின்காற்று வீசியது. ஓடுபாதையின் முற்பாதியில் பிரேக் பிடிமானம் 'சுமார்', பிற்பாதியில் 'மோசம்' என்று அறிவிக்கப்பட்டிருந்தது. விமானிகள் பயன்படுத்திய கணினி, மோசமான பிடிமானத்திலும் ஏறத்தாழ 40 அடி மிச்சத்தில் நிற்கலாம் என்று காட்டியது; ஆனால் அது பின்காற்றை 5 நாட் என்றே எடுத்துக்கொண்டதோடு, ரிவர்ஸ் உந்துவிசை (எஞ்சின் விசையை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைப்பது) உடனே கிடைக்கும் என்றும் வைத்துக் கணக்கிட்டிருந்தது.

அந்த விமானிகள் தானியங்கி பிரேக்கைப் பயன்படுத்தியது அன்றுதான் முதல்முறை. அதில் கவனம் சிதறியதால், தரை தொட்டு 18 வினாடிகள் கழித்தே ரிவர்ஸ் இயங்கத் தொடங்கியது. விமானம் வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்கு வந்து ஒரு காரில் மோதியது. விமானத்தில் இருந்த 103 பேரும் உயிர்தப்பினர். காரில் இருந்த 6 வயதுச் சிறுவன் இறந்தான். இதை எப்போது விளக்கினாலும் என் மனம் கனத்துவிடுகிறது, ஏனென்றால் அந்தக் குழந்தை விமானத்தில் ஏறக்கூட இல்லை.

கேள்வி: அப்படியானால் ரிவர்ஸை முழு வேகத்தில் கொடுத்துவிட்டால் போதுமா?

பதில்: விமானத்தைப் பொறுத்தது. 2015 மார்ச் 5 அன்று நியூயார்க் லாகார்டியாவில் பனி படிந்த ஓடுபாதையில் இறங்கிய டெல்டா நிறுவனத்தின் 1086ஆம் எண் விமானம் எம்.டி.-88 வகையைச் சேர்ந்தது. எஞ்சின்கள் வாலருகே அமைந்த அந்த வகையில் ரிவர்ஸ் அளவு மீறினால், வாலிலுள்ள சுக்கானுக்குச் சீரான காற்றோட்டம் கிடைக்காமல் விமானத்தை நேராக வைத்திருப்பது கடினமாகிவிடும். அங்கே அதுவே நடந்தது. விமானம் இடப்புறம் விலகி, கடலோர மண்மேட்டில் ஏறி நின்றது, உயிரிழப்பு இல்லை.

கேள்வி: மிட்வே விபத்துக்குப் பின் என்ன மாறியது?

பதில்: இறங்குவதற்கு முன், அந்த நேரத்து நிலவரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, அதோடு குறைந்தது 15 சதவீதம் கூடுதலாகச் சேர்க்குமாறு அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை 2006இல் பரிந்துரைத்தது. மிட்வே ஓடுபாதைகளின் முனைகளில், சக்கரம் ஏறினால் நொறுங்கி வேகத்தை உறிஞ்சும் இலேசான கான்கிரீட் தளம் பதிக்கப்பட்டது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது மூன்றாவது மாற்றம்: 'சுமார்', 'மோசம்' போன்ற, ஆளுக்கு ஆள் மாறும் சொற்களோடு நில்லாமல் ஓடுபாதையை 0 முதல் 6 வரை எண்ணால் மதிப்பிடும் முறை 2016இல் அமெரிக்காவிலும், 2021 நவம்பரில் உலக அளவிலும் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த தரை 6, ஈரமான தரை 5, மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பனி 3, அதே ஆழத்தில் பாதி கரைந்த கூழ்ப்பனி 2, பனிக்கட்டி 1, நீர் படர்ந்த பனிக்கட்டி 0. ஓடுபாதையின் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே எண் தரப்படுவதால், கடைசிப் பகுதிதான் வழுக்கும் என்பதை விமானி இறங்கும் முன்பே அறிகிறார்.

கேள்வி: பனியில் இறங்கியபோது விமானம் தரையில் பலமாக மோதியது போலிருந்தது. விமானியின் பிழையா?

பதில்: பெரும்பாலும் அது வேண்டுமென்றே செய்வது. மென்மையாக இறக்க முயன்று விமானத்தை மிதக்கவிட்டால், ஒவ்வொரு வினாடியும் சுமார் 70 மீட்டர் ஓடுபாதை வீணாகும். உறுதியாக இறக்கினால் எடை உடனே சக்கரங்களுக்கு மாறும். இறக்கைமேல் தடுப்புத்தகடுகள் எழும்பும். பிரேக் பிடிக்கத் தொடங்கும்.

கேள்வி: பனியில் முன்விளக்கை அணைப்பார்கள் என்பது உண்மையா?

பதில்: சில வேளைகளில் உண்மை. கொட்டும் பனியில் ஒளி பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். பக்கவாட்டில் பறக்கும் பனி, விமானமே பக்கவாட்டில் நகர்வது போன்ற மயக்கத்தைத் தரும். அதனால் அணைத்துவிட்டு, ஓடுபாதையின் விளக்குகளை மட்டும் பார்த்து இறக்குபவர்கள் உண்டு.