புகார் எழுதாதே – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

பல்லடம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். பையனுக்கு 24 வயது. மூன்று வருடமாக மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிடுகிறான். ஆடியிலிருந்து மாத்திரையைத் துப்பிவிடுகிறான். ராத்திரியில் தூக்கமே இல்லை, மோட்டார் ரூமுக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்கிறான். போன வாரம் அவங்கப்பாவை மம்முட்டிக் காம்பால் அடித்ததில் கை வீங்கிவிட்டது. என் கொழுந்தனார், “ஸ்டேஷன்ல ஒரு புகார் குடுத்து ரெண்டு நாள் உள்ள வெச்சாப் பயம் வந்துரும்” என்கிறார். வீட்டுக்காரர், “போலீசு வாசல் ஏறுனா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்” என்கிறார். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் வைக்கலாம் என்றும் பேச்சு. போலீஸைக் கூப்பிடலாமா, கூடாதா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள அம்மிணி,

அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாய், நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் சோமனூரில் எங்கள் பெரியம்மாவின் திதிக்குப் போய்விட்டு வந்தேன். வழியெல்லாம் அவள் நினைப்புத்தான்.

பெண் கொடுப்பதைப் பற்றி இப்போது பேசவேண்டாம் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல். குணசீலம் போய்ப் பெருமாளைக் கும்பிட்டு வாருங்கள், மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு. எங்கே போனாலும் சங்கிலி போட மட்டும் விடாதே. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் கருகினார்கள், காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியாமல்.

எனக்குக் கோபம் வந்தது வேறிடத்தில். ஆடியிலிருந்து துப்புகிறான் என்கிறாய். இப்போது ஐப்பசி. நடுவில் ஒரு தடவை டாக்டரைப் போய்ப் பார்த்தாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. துப்புகிறவர்களுக்கு மாதத்துக்கு ஒன்று போடுகிற ஊசி இருக்கிறது. அவன் வராவிட்டால் நீயாவது போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டாமா? பயிருக்கு நோய் வந்தால் மறுநாளே மருந்துக்கடையில் நிற்கிறோமே.

இனி உன் கொழுந்தனார். பயம் வரும் என்கிறாராம். ராத்திரி முழுக்க மோட்டார் ரூமையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பயம் பத்தவில்லை என்றா நினைக்கிறார்?

என் பெரியப்பாவுக்கு நான்கு தறி ஓடியது. அவர் மகன், எனக்கு எட்டு வயது இளையவன், இதே வியாதி. பெரியம்மா தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொடுவாள், அரிவாள்மனை, தறிக்கத்தரி மூன்றையும் பழைய சேலையில் சுற்றிச் சோளத்தட்டுப் போருக்குள் செருகிவிடுவாள். விடிந்ததும் எடுத்து வந்து காய் நறுக்குவாள். அப்படியே ஒன்றரை வருடம். 1994இல் ஒரு நாள் தம்பி அடித்ததில் பெரியப்பாவுக்குப் பல் போய்விட்டது. ரத்தத்தோடு ஸ்டேஷனுக்கு நடந்தார். அவர் சொன்னது “அடிச்சுப்போட்டானுங்க” என்பதுதான். எழுதப்பட்டது “கொலை செய்யும் நோக்கத்தோடு”. கையெழுத்துப் போட்டார். இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். 307, அதாவது கொலை முயற்சிப் பிரிவு, போட்டபின் மறுநாள் அவரே போய் “வாபஸ் வாங்கிக்கறனுங்க” என்று அழுதாலும் நடக்கவில்லை. 19 நாள் ஜெயில், மாத்திரை இல்லாமல். வெறுங்காலோடு இழுத்துப் போனார்கள். பெரியம்மா அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் வேப்பமரம் வரை ஓடினாள். திரும்பி வந்தவன் அதன்பின் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டாலே பாவு பீம்களுக்கு நடுவே போய் ஒண்டிக்கொள்வான். அப்பாவிடம் கடைசிவரை பேசவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், புகார் எழுதாதே. போலீஸைக் கூப்பிடாதே என்று நான் சொல்லவில்லை. கொடுவாளைத் தூக்கிவிட்டால் கூப்பிடத்தான் வேண்டும், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல். ஆனால் உன் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை “அடிக்கிறான்” என்று இருக்கக் கூடாது. “என் மகன் மனநோயாளி, மருந்தை நிறுத்திவிட்டான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்.” இதைச் சொல்லிப் பழகு, வீட்டுக்காரரையும் சொல்லிப் பழகச் சொல். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு இருக்கிறது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைக் காவலர் தம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஜெயிலுக்கும் அனுப்பக் கூடாது. “மனநோயாளி” என்று சொன்னால்தான் அந்தப் பிரிவு. “அடித்தான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேறு பிரிவு, அது உன் கையை விட்டுப் போய்விடும். கொழுந்தனார் எத்தனை தடவை சொன்னாலும் வெள்ளைத்தாளில் புகார் என்று ஒரு வரி எழுதாதே. ஸ்டேஷனில் எழுதச் சொல்லிக் கேட்டால், உதவி கோரும் மனு என்று எழுது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல், “நோக்கம்” என்ற வார்த்தை வந்தால் கையெழுத்துப் போடாதே.

இதையெல்லாம் அடிதடிக்கு நடுவில் செய்ய முடியாது. நாளைக்குக் காலையில் டாக்டரைப் பார். தோதுப்படாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசு, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். அவன் மறுத்தாலும், வீட்டார் விண்ணப்பித்து, மனநல மருத்துவரும் இன்னொருவரும் தனித்தனியாகப் பார்த்து, 30 நாள் வரை சேர்க்க அதே சட்டத்தின் 89ஆம் பிரிவில் வழி இருக்கிறது, அதையும் கேள். மத்தியானம் மருந்துச் சீட்டின் நகலோடு ஸ்டேஷனுக்குப் போய், நல்ல முகத்தோடு, இன்ன சாளை, இன்ன பையன், இன்ன வியாதி என்று சொல்லி வைத்துவிட்டு வா. பகலில் உன்னைப் பார்த்த ஆள் ராத்திரி வருவதற்கும், முன்பின் தெரியாத ஆள் வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அப்படி வரவேண்டி வந்தால், ஜீப்பை வரப்போரம் நிறுத்தச் சொல், சைரன் வேண்டாம் என்று கேள். கிளம்புவதற்கு முன்னால் அவனுக்குச் சட்டை மாட்டிவிடு, செருப்பைப் போட்டுவிடு. நீயும் கூடவே ஏறிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்