‘செலக்‌ஷன் உறுதி’ என்று பணம் கேட்கிறார்களா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. மாவட்டக் கால்பந்து அணியில் விங்கர் (ஓரத்தில் ஆடும் முன்கள ஆட்டக்காரர்). ஓர் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்பின் யூத் அணியில் சேர்த்துவிடுவதாக ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கிளப் கடிதமும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ‘பாதி முன்பணம் போதும்’ என்று அவர் இறங்கி வந்தாலும் கட்டாதீர்கள்.

கிளப்தான் ஆட்டக்காரருக்குப் பணம் தரும். ஏஜென்ட் கமிஷன்கூட ஒப்பந்தம் போட்டு, சம்பளம் வரத் தொடங்கிய பிறகுதான். உங்கள் மகனை அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சிஆர்எஸ் என்ற ஆட்டக்காரர் பதிவு அமைப்பில் ஏற்ற வேண்டியதும் கிளப்தான். அந்த ஆளால் அது முடியாது. ஏஜென்ட் என்றால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பெயரை ஃபிஃபா தளத்தில் தேடிப் பாருங்கள்.

இந்த மாதிரிக் கடிதங்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. லோகோ பளிச்சென்று இருக்கும். கீழே ஜிமெயில் முகவரி, யாரோ ஒருவர் பெயரில் ஜிபே எண். ஒரு கடிதத்தில் கோல்கீப்பர் பையனை ‘ஸ்ட்ரைக்கராகத் தேர்வு’ என்று போட்டிருந்தார்கள். அந்த அப்பா நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பிய பிறகுதான் என்னிடம் வந்தார்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். சில கிளப்புகள் தங்கள் பெயரில் கட்டணப் பயிற்சிப் பள்ளி நடத்துகின்றன. அங்கே மாதக் கட்டணம் வாங்குவது முறைதான். ரசீது தருவார்கள், கோச் மைதானத்தில் இருப்பார். ஆனால் அது பயிற்சிக்கான கட்டணம், அணியில் இடத்துக்கான விலை இல்லை. பள்ளியில் சேர்ந்ததையே ‘கிளப்பில் எடுத்துவிட்டார்கள்’ என்று சொல்லித் தரகர்கள் மேலும் கறப்பார்கள். பள்ளி வேறு, அணி வேறு.

ஐஎஸ்எல்லை நடத்தும் உரிமைக்கான ஒப்பந்தச் சிக்கலில் 2025 ஜூலையில் அந்த லீக்கையே நிறுத்திவைத்தார்கள். மேலே இப்படிக் குழப்பம் இருந்தால் கீழே தரகர்களுக்குக் கொண்டாட்டம். எல்லா கிளப்புகளின் ட்ரயல் தேதிகளையும் ஒரே இடத்தில் வெளியிட்டாலே பாதித் தரகர்கள் காணாமல் போவார்கள். இதைக்கூட மேலே இருப்பவர்கள் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

மகன் ஆடிக்கொண்டே இருக்கட்டும். குமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்புக்காக ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் ஆடிய பிறகுதான் 2018இல் ஐஎஸ்எல் கிளப்பான ஜாம்ஷெட்பூர் எஃப்சிக்குப் போனார்.

இன்றே அந்தக் கிளப்பின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள முகவரிக்குக் கடிதத்தை அனுப்பி, ‘இது உங்களுடையதா?’ என்று கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.