பெரட்டுக்கு போகணும்னு நிக்கிற மாமிக்கு என்ன டைம்டேபிள் போடுறது?

இலங்கை மலைநாட்டுல, பொகவந்தலாவ பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. மாமிக்கு 74 வயசு, தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க, டிமென்ஷியா, அதான் ஞாபகம் அழிஞ்சு போற வருத்தம்னு கிளினிக்ல சொல்லிட்டாங்களாம். விடிய நாலு மணிக்கே எழும்பி பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, நேரமாச்சுன்னு கதவ தொறக்குறாங்க, பின்னேரமானா "வீட்டுக்கு போகணும்"னு ஒரே அழுகை, குளிக்க கூப்பிட்டா அடிக்க வாறாங்க. போன்ல பாத்து ஒரு டைம்டேபிள் எழுதி சுவத்துல ஒட்டினேன், ரெண்டு நாளும் தாங்கலன்னு எழுதியிருக்காங்க.

தாங்காது தங்கச்சி. மாமிகிட்ட ஏற்கனவே ஒரு டைம்டேபிள் இருக்கு, அத தோட்டம் போட்டு குடுத்திருக்கு. இந்த வருத்தத்துல நேத்து நடந்தது முதல்ல போகும், ஆனா வருஷக்கணக்கா கை செஞ்ச வேலை ரொம்ப நாளைக்கு நிக்கும், ஏன்னா மூளையில அதுக்கு வேற பாதை. அதனால புதுசா ஒண்ணு பழக்க பாக்காம பழசு மேலயே நாள கட்டுங்க.

நாலு மணிக்கு எழும்பினா "நீங்க வேலைய விட்டு எவ்ளோ காலமாச்சு"ன்னு வாதாட வேணாம், அவங்களுக்கு அது அப்பதான் கேக்குற புது செய்தி, அதிர்ச்சிதான் மிஞ்சும். லைட்ட போட்டு, கம்பளிய போத்தி, "இன்னைக்கு எந்த மலைக்கு?"ன்னு கேளுங்க, சொல்லட்டும், சூடா ஒரு தேத்தண்ணி குடுங்க, பாதி அவசரம் அங்கயே அடங்கிரும். பொய் சொல்ற மாதிரி இருக்கேன்னு சிலர் சங்கடப்படுவாங்க, நான் அப்படி நெனைக்கல, அவங்க சொல்றத கேக்குறது பொய்யில்ல.

ரொட்டி சாப்பிட்டதும் மாமாகிட்ட சொல்லி ஒரு கட்டு கீரைய இஸ்தோப்புல, அதான் முன் திண்ணையில, வைக்க சொல்லுங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு அம்மாயி, மகன் பேரே வாய்க்கு வராது, கீரைய குடுத்தா பெருவிரலால நறுக்கு நறுக்குன்னு கிள்ளி, கை நெறஞ்சதும் தோளுக்கு பின்னால வீசுவாங்க, கூடை முதுகுல இருக்குற நெனப்புல. பின்னால ஒரு சாக்க விரிச்சு வச்சா முடிஞ்சுது. சுத்தமா ஆஞ்சாங்களான்னு பாக்காதீங்க.

குளிப்பு காலையில வேணவே வேணாம், நம்ம குளிருக்கு நல்லா இருக்குறவங்களே ஓடுவாங்க. வெயில் ஏறின பெறகு, பதினொரு மணி போல, கதவ சாத்தி, சுடுதண்ணில, உடம்ப துணியால மூடி வச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா கழுவி விடுங்க. கிழமைக்கு ரெண்டு மூணு தரம் போதும், மத்த நாள் தொடச்சு விட்டா சரி.

பின்னேரம்தான் பெரிய பாடு. இருட்டு இறங்குற நேரத்துல குழப்பம் கூடுறது இந்த வருத்தத்துக்கே உள்ள குணம், நம்ம பக்கம் பனி மூடி நாலரைக்கே மங்கிரும்ல, அதுக்கு முன்னாடியே லைட்ட போட்டுருங்க, டீவி சத்தத்த கொறைங்க. வீட்டுக்கு போகணும்னா "போவமே"ன்னு கைய புடிச்சு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முன்னுக்கு ரெண்டு நடை நடந்து கூட்டிட்டு வாங்க. மூணு மணிக்கு மேல சாயத்தண்ணி (தேத்தண்ணி) வேணாம், தேயிலை நாட்டுல இருந்துகிட்டு இப்படி சொல்றேன்னு சிரிக்காதீங்க, ராத்தூக்கம் கெடும், மல்லித்தண்ணி குடுங்க. குளிருதேன்னு தண்ணி குடிக்காம விட்டுறவும் கூடாது.

அடுப்படியில தனிய விடாதீங்க. வெளிய போயிருவாங்கன்னு பூட்டிட்டும் போகாதீங்க, நெருப்பு புடிச்சா வெளிய வர வழியில்ல. கொண்டி கண்ணுல படாத உயரத்துல இருக்கட்டும், லயத்துல நாலு வீட்டுக்கு விஷயத்த சொல்லி வைங்க, மறைக்க இதுல ஒண்ணுமில்ல.

ஒண்ணு மட்டும் கவனம். ரெண்டு நாளுக்குள்ள திடீர்னு ஆளே மாறினா, ஒரே தூக்கம், இல்லாட்டி ஒரே கத்தல்னா, டிமென்ஷியா கூடிருச்சுன்னு விட்டுறாதீங்க. சிறுநீர்ல கிருமி, சளி நெஞ்சுக்கு எறங்கினது, மலச்சிக்கல் எதுவும் இருக்கலாம், வயசானவங்களுக்கு காய்ச்சல் காட்டாமலே வரும். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க, ஏலாட்டி 1990 அம்புலன்சுக்கு அடிங்க. தடிமனுக்கு கடையில வாங்குற பிரிட்டோன் குளிசையும் குழப்பத்த கூட்டும், டொக்டர கேக்காம குடுக்க வேணாம்.

நீங்க வேலைக்கு போற நேரம் மாமாதான் பாக்குறாருன்னா அவரும் இதே ஒழுங்குல செய்யணும். தீபாவளிக்கு கொழும்புல இருந்து வாறவங்ககிட்டயும் முன்கூட்டியே சொல்லிருங்க, "என்னைய யாருன்னு தெரியுதா?"ன்னு பரீட்சை வைக்காம, "நான் உங்க சின்ன மகன் வந்திருக்கேன்"னு தாங்களே சொல்லிட்டு பக்கத்துல உக்காரட்டும்.